கிலோ கணக்கு: வீட்டில் செய்த கேம்ப்பர் டிரெய்லரின் கதை

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு மேடை. கூரையில் ஒன்றிரண்டு சோலார் பேனல். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த மாதிரி டிரெய்லரைத் தங்கள் வீட்டு கராஜிலேயே செய்துகொள்பவர்கள் ஏராளம். பார்த்தால் ஏதோ இந்தப் பத்து வருடத்து ஃபேஷன் மாதிரி இருக்கும். ஆனால் இதன் வரலாறு நூறு வருடத்தைத் தொடுகிறது. கொஞ்ச நாளாக வார இறுதிகளில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, இது பயணத்தின் கதை இல்லை, எடையின் கதை. சோலார் பேனல் அதில் கடைசியாக வந்து சேர்ந்த ஆள். அது வந்து உட்கார்வதற்கு முன்னால் மற்ற எல்லாமே இளைக்க வேண்டியிருந்தது.

முதலில் குண்டாக இருந்த காலம். உல்லாசத்துக்காகவே செய்யப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ‘வாண்டரர்’. 1885ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்காக பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று கட்டிக்கொடுத்தது. கப்பற்படையில் டாக்டராக இருந்தவர், பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். உள்ளே மஹோகனி மர வேலைப்பாடு, புத்தக அலமாரி எல்லாம் உண்டு. எடை சுமார் 2 டன். இழுக்க இரண்டு குதிரை, ஓட்ட ஒரு ஆள், கூடவே ஒரு பணியாள். அந்தப் பணியாளின் வேலைகளில் ஒன்று, மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பது! பாதை அவ்வளவு குறுகல், வண்டி அவ்வளவு அகலம். இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை 1300 மைல் போன கதையைப் புத்தகமாகவும் எழுதினார். நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்தவருக்கு மட்டும்.

கார் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றது. அதன் எஞ்சின் வெறும் 20 குதிரைத்திறன். எண்ணிக்கையில் ஸ்டேபிள்ஸின் இரண்டு குதிரையைவிடப் பத்து மடங்கு என்றாலும், மேட்டில் அது திணறும். பிரேக்கும் சுமார்தான். அதன் பின்னால் 2 டன் பெட்டியை மாட்ட முடியாது. ஆகவே காரில் ஊர் சுற்றிய அமெரிக்கர்கள் முதலில் கூடாரத் துணியைத்தான் நம்பினார்கள். இரண்டு சக்கரத்தின்மேல் ஒரு தட்டு, அதில் மடக்கி வைத்த கூடாரம்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் நுண்ணுயிரியல் படித்தவர், மருந்து கம்பெனி நடத்தியவர். 1920களின் கடைசியில் அப்படி ஒரு மடக்குக் கூடார டிரெய்லர் வாங்கி, குடும்பத்தோடு கிளம்பினார். மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விற்ற கூடாரத்தை விரிப்பதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். திரும்பி வந்தவர், துணியே வேண்டாம் என்று மேசனைட் பலகையில் 9 அடி நீளம் 6 அடி அகலத்துக்கு ஒரு பெட்டி அடித்தார். குழந்தைகள் அதற்கு வைத்த கேலிப் பெயர் ‘கவர்ட் வேகன்’, அந்தக் காலத்துக் கூண்டு வண்டி. அதே பெயரில் கம்பெனி ஆரம்பித்து, 1936 வாக்கில் அமெரிக்காவின் மிகப்பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர் ஆகிவிட்டார்.

இந்தக் கதையில் எல்லோரும் ஷெர்மனின் கோபத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மேசனைட். மரத்துகளை நீராவியில் வேகவைத்து அழுத்திச் செய்யும் அந்தப் பலகையை மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் கண்டுபிடித்தது 1924ல். பிளைவுட் 8 அடிக்கு 4 அடி என்ற நிலையான அளவில் அமெரிக்காவில் வர ஆரம்பித்தது 1928. அந்தப் பிளைவுட்டின் ஒட்டுகள் ஈரத்தில் பிரியாமல் இருக்க முழு நீர்த்தடுப்புப் பசை வந்தது 1934. இந்த மூன்று தேதியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தச்சன் இல்லாத ஒரு சாதாரண மனிதன், ஒரு ரம்பமும் சுத்தியும் வைத்துக்கொண்டு, மழை தாங்கும் லேசான பெட்டி ஒன்றைச் செய்வது அந்தப் பத்து வருடத்தில்தான் சாத்தியமானது. இன்றைக்கும் வீட்டில் செய்யும் டிரெய்லர்கள் பெரும்பாலும் 8 அடி நீளம், 4 அல்லது 5 அடி அகலம். நம்ம ஊர் மரக்கடையில் ‘எட்டுக்கு நாலு’ என்று கேட்கிறோமே, அதே பலகைதான் இந்த வண்டிகளின் நீளத்தையும் தீர்மானித்தது. பலகையை வெட்டாமல் அப்படியே போட்டால் அதுதான் தரை.

பலகை கிடைத்தது. எப்படி வெட்டுவது என்று சொல்ல ஆள் வேண்டுமே? அதைச் செய்தவை பத்திரிகைகள். லாஸ் ஏஞ்சலஸில் வாலி பயம் என்பவர் சுயமாகப் பொருள் செய்பவர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் வெளியான டிரெய்லர் வரைபடத்தை வைத்துச் செய்த வாசகர்கள், இது சரிவரவில்லை என்று புகார் எழுதினார்கள். அவரே தன் வீட்டுக் கொல்லையில் ஒன்று செய்து பார்த்தார். ஆமாம், சரியில்லைதான்! சக்கரங்களுக்கு நடுவே தரையை இறக்கி, கூரையை உயர்த்தி, உள்ளே நிமிர்ந்து நிற்கிற மாதிரி மாற்றினார். நூறு டாலருக்குள் டிரெய்லர் செய்வது எப்படி என்று ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழில் கட்டுரை எழுதி, விரிவான வரைபடத்தைத் தபாலில் விற்றார். பக்ரிப்போர்ட் வந்து, டெவலப்பர் தானே ஓட்டிப் பார்த்து, திருத்திய வெர்ஷனை வெளியிட்ட கதை இது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு ரொம்பப் பழக்கமான காட்சி. இந்த வாலி பயம்தான் பின்னாளில் ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்ற பளபளக்கும் அலுமினிய டிரெய்லரால் உலகப் புகழ் பெற்றவர்.

அந்த அலுமினிய வடிவம் அவருடையது இல்லை. அதைச் செய்தவர் ஹாலி பவுலஸ். கிளைடர் விமானங்கள் கட்டியவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் 1927ல் தயாரானபோது அதன் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். 1934ல் அவர் கொண்டுவந்த ‘ரோட் சீஃப்’ டிரெய்லர் டூராலுமின் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்தது, எடை ஏறக்குறைய 500 கிலோ. கதவு முன்பக்கம், காரோடு இணைக்கும் கம்பிக்கு நேர் மேலே இருந்தது. பக்கவாட்டுத் தகட்டில் ஓட்டை போட்டால் பலம் குறையும் என்று விமானக்காரர் மூளை யோசித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கம்பியைத் தாண்டி உள்ளே ஏறுவது பெரிய இம்சை. இரண்டே வருடத்தில் கம்பெனி திவால். பயம் அந்த வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பராக வெளியிட்டார். விலை 1200 டாலர். கொல்லையில் ஆரம்பித்த ஆள் இப்போது வசதியானவர்களுக்கு விற்க ஆரம்பித்துவிட்டார். இன்றைய பெரிய ஏர்ஸ்ட்ரீம்கள் 3 டன்னுக்கு மேல். ஸ்டேபிள்ஸின் குதிரை வண்டியைத் தாண்டியாயிற்று.

இது ஒரு கம்பெனியின் குறை இல்லை. விற்கிறவர் ஒவ்வொரு வருடமும் ஏதாவது கூடுதலாகக் காட்டியாக வேண்டும். குளியலறை, ஏசி, சுவர் நகரும் அறை. எடை கூடினால் பெரிய வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். தானே செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. இருக்கிற காரை வைத்துத்தான் இழுக்க வேண்டும். அதனால் கிலோ கணக்கை மறக்காமல் வைத்திருந்தவர்கள் எப்போதும் வீட்டில் செய்தவர்கள்தான்.

1930களில் இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருளாதார மந்தத்தில் வீட்டை இழந்தவர்கள், வேலை தேடி ஊர் ஊராகப் போனவர்கள் பலருக்கு டிரெய்லர்தான் வீடு. ரோஜர் பாப்சன் என்ற பிரபல நிதி ஆலோசகர், இருபது வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்று 1936ல் ஆரூடம் சொன்னார். நடக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் ஜனங்கள் நம்புகிற சூழ்நிலை இருந்தது. வீட்டு வரி கட்டாமல் ஊருக்குள் தங்குகிறார்களே என்று நகராட்சிகள் பதறி, எத்தனை நாள் நிறுத்தலாம், எங்கே நிறுத்தலாம் என்று சட்டம் போட ஆரம்பித்தன. சக்கரம் வைத்த வீடு வீடா வண்டியா என்ற வழக்கு அப்போது ஆரம்பித்தது.

போருக்குப் பிறகு கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்கள் ஒரு அலையாக வந்தன. முன்னால் உருண்டு, பின்னால் சரிந்து இறங்கும் வடிவம். ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ 1947 செப்டம்பர் இதழில் வெளியிட்ட வரைபடம் இன்றும் பிரசித்தம். போரில் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்த காலம். உள்ளே படுக்கை, பின்மூடியின் கீழே சமையல், ஒரு ஐஸ் பெட்டி. நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே தூங்கலாம், மற்றதெல்லாம் வெளியே.

அந்த ஐஸ் பெட்டியில் நிற்போம். மின்சாரம் என்று பார்த்தால் அந்த டிரெய்லருக்கு அதிகம் தேவையே இல்லை. அறுபது, எழுபதுகளில் டிரெய்லர் பெரிதாகி விளக்கு, பம்ப், விசிறி எல்லாம் வந்த பிறகுதான் பிரச்சினை. 12 வோல்ட் குண்டு பல்பு ஒன்று கிட்டத்தட்ட 20 வாட். நாலு பல்பு நாலு மணி நேரம் எரிந்தால் 320 வாட்-மணி. ஒரு 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி சுமார் 28 கிலோ இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆக 600 வாட்-மணிதான் கையில். விளக்குக்கே பாதி போச்சு. ஃபிரிட்ஜ் ஓட கேஸ். ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள், பிளாட்டனும் மன்டர்ஸும், 1922ல் கண்டுபிடித்த நகரும் பாகமே இல்லாத உறிஞ்சு முறை ஃபிரிட்ஜ்தான் டிரெய்லர்களில் பல காலம் ஓடியது. சின்னத் தீயை வைத்துக் குளிர்விப்பது. அற்புதமான பொருள்தான், ஆனால் அதையே பேட்டரியில் ஓட்டினால் நாளுக்கு 2 கிலோவாட்-மணிக்கு மேல் குடித்துவிடும். அதனால் ஒன்று கரண்ட் பாயின்ட் உள்ள கட்டண முகாமில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர். ராத்திரி காட்டுக்குள் ஜெனரேட்டர் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

சோலார் செல் அப்போதே இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 1954 ஏப்ரலில் சிலிக்கான் செல்லை வெளியுலகுக்குக் காட்டினார்கள். திறன் 6 சதவீதம். வெப்பமண்டலப் பகுதிகளின் ஈரக்காற்றில் டெலிஃபோன் பேட்டரிகள் சீக்கிரம் வீணாயின என்பதுதான் சாப்பினுக்கு முதலில் கொடுக்கப்பட்ட பிரச்சினை. அவரே 1956ல் கணக்குப் போட்டார். ஒரு வாட் செல் 286 டாலர், ஒரு வீட்டுக்கு வேண்டிய அளவு வாங்கினால் 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர். அந்த விலைக்கு ஒரே வாடிக்கையாளர்தான் கிடைத்தார், விண்வெளி. 1958 மார்ச்சில் வான்கார்டு செயற்கைக்கோள் அதைச் சுமந்துகொண்டு போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் எலியட் பெர்மன், எக்ஸான் எண்ணெய் கம்பெனியின் பணத்தில், 100 டாலராக இருந்த ஒரு வாட்டின் விலையை 20 டாலருக்கு இறக்கினார். தரையில் முதலில் வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கடலில் எண்ணெய் எடுப்பவர்கள், மேடைகளின் எச்சரிக்கை விளக்குக்காக. எண்ணெய்க்காரர் காசில், எண்ணெய்க்காரருக்காக மலிவான சோலார்! அங்கிருந்து படகு, படகிலிருந்து டிரெய்லர் கூரை.

இங்கேதான் நான் பொதுவான கருத்தோடு மாறுபடுகிறேன். பேனல் மலிவானதால் டிரெய்லருக்கு சுதந்திரம் வந்தது என்று சொல்கிறார்கள். பேனல் மட்டும் மலிவானால் போதாது. 100 வாட் பேனல் ஒன்று கூரையில் தட்டையாகக் கிடந்தால், நல்ல வெயில் நாளில் சூடு, வயர், கோணம் எல்லா நஷ்டமும் போக 350 வாட்-மணி தரும். குண்டு பல்பு காலத்தில் அது விளக்கோடு சரி. 1993ல் நாகமுரா பளிச்சென்ற நீல எல்இடியைச் செய்து காட்டி, அதிலிருந்து வெள்ளை எல்இடி வந்த பிறகு அதே நாலு விளக்குக்கு 40 வாட்-மணி போதும். விசிறிக்கு 80, இரண்டு ஃபோனுக்கு 30, லேப்டாப்புக்கு 100. கூட்டினால் 250. ஒரே பேனலில் அடங்கிவிட்டது. கம்ப்ரஸர் வைத்த சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்கு 400, 500 வாட்-மணி. அதற்கு இன்னும் ஒன்று ஒன்றரை பேனல். 1990களின் நடுவில் குட்இனஃப் குழு டெக்சாஸில் கண்டுபிடித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட், பேட்டரியின் எடையையும் குறைத்தது. அதில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 12 கிலோ, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஈய அமிலத்தில் அதே அளவுக்கு இரண்டு பேட்டரி, 56 கிலோ. செலவு சுருங்கியதால்தான் வரவு போதுமானதாகத் தெரிகிறது.

பெட்டியும் அதே நேரத்தில் இளைத்தது. 12 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு, ஒன்று 20 கிலோ வரும். கட்டிடங்களில் வெப்பத் தடுப்புக்குப் போடும் எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை, 2 அங்குல கனத்தில் அதே அளவு, 4 அல்லது 5 கிலோ. நுரையை மட்டும் வைத்தால் விரல் பட்டாலே குழி விழும். அதனால் கித்தான் துணியைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையில் நனைத்து மேலே இழுத்து ஒட்டி, அதன்மேல் வீட்டு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கிறார்கள். ஏழைகளின் ஃபைபர்கிளாஸ் என்று இதற்குப் பெயர். கேலியாகத் தோன்றினாலும் தத்துவம் விமானத்தினுடையது. இரண்டு மெல்லிய தோல், நடுவில் லேசான சதை. பவுலஸ் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மொத்த எடை 750 கிலோவுக்குள் இருந்தால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் பிரேக், அதற்கான அச்சு, செலவு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குடம் தண்ணீரும் அந்தக் கணக்கில் வரும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதில் மட்டும் நூறு வருடமாக எந்த முன்னேற்றமும் இல்லை. சூரியன் தண்ணீர் தராது. சோலார் போட்டவரும் மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

கூரையில் பேனல் வைப்பதும் நினைக்கிற மாதிரி சுலபமில்லை. கண்ணாடி பேனல் 100 வாட் 6, 7 கிலோ. வளையும் பேனல் 2 கிலோதான், பசை போட்டு ஒட்டிவிடலாம், காற்றும் பிடிக்காது. கிலோ கணக்கு பார்ப்பவர் உடனே வளையும் பேனலுக்குத் தாவுவார். ஆனால் சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் திறனை இழக்கும். கீழே காற்றோட்டமே இல்லாமல் ஒட்டிய கருப்புப் பேனல் கோடை வெயிலில் 70 டிகிரியைத் தொடும். எக்ஸ்பிஎஸ் நுரை 75 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். லேசான கூரையும் லேசான பேனலும் சேர்ந்தால் இரண்டும் கெடும். ஆகவே நுரைக் கூரை போட்டவர்கள், அந்த 5 கிலோவை ஏற்றுக்கொண்டு, கண்ணாடி பேனலை இரண்டு விரல் உயரத்தில் சட்டத்தில் நிறுத்துவதுதான் நல்லது என்பது என் கருத்து. நடுவில் காற்று ஓடும், பேனலே கூரைக்கு நிழலாகவும் ஆகும்.

இந்தக் கணக்கெல்லாம் உல்லாசப் பயணிக்கு மட்டும் என்று நினைத்தால், அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊரைப் பாருங்கள். அதன் பக்கத்தில் அரசு நிலத்தில், 1983 முதல், செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். கரண்ட் இணைப்பு கிடையாது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான டிரெய்லர்கள் வந்து நிற்கும். வடக்கின் பனிக்குத் தப்பி வந்த ஓய்வூதியக்காரர்களோடு, 2008 வீட்டுக் கடன் சரிவுக்குப் பிறகு வேறு வகை மனிதர்களும் சேர்ந்தார்கள். வயதான காலத்தில் வீடு போனவர்கள், கிடங்குகளில் சீசன் வேலை பார்த்துவிட்டு வந்து தங்குபவர்கள். ஜெசிகா புரூடர் 2017ல் எழுதிய ‘நோமேட்லாண்ட்’ அவர்களைப் பற்றியது. 1936ல் பாப்சன் சொன்னது பெரிய அளவில் பொய்யானாலும், சின்ன அளவில் இங்கே உண்மையாகிவிட்டது. இவர்களுக்கு 100 வாட் என்பது பொம்மை இல்லை. மருந்து கெடாமல் குளிர்பெட்டி ஓட வேண்டும், மூச்சுக் கருவி ஓட வேண்டும், வேலைக்குக் கூப்பிடும் ஃபோன் சாகாமல் இருக்க வேண்டும்.

அங்கே ஜனவரி நடுப்பகலில்கூட சூரியன் 35 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் 57 சதவீதம்தான் கிடைக்கும். அதனால் பேனலின் ஒரு ஓரத்தில் கீல் வைத்து, காலையில் ஏணி போட்டு ஏறி, தெற்குப் பார்த்துத் தூக்கி முட்டுக்கொடுக்கிறார்கள். பெரிய காற்று வருகிறதென்றால் மறுபடி ஏறி மடக்க வேண்டும். எழுபது வயதில் தினம் கூரை ஏற முடியாதவர்கள் பேனலைக் கழற்றி, தரையில் ஒரு ஏ வடிவச் சட்டத்தில் சாய்த்து, நீளமான வயரோடு விட்டுவிடுகிறார்கள்.